பின்சீட்டில் இரண்டு துணி ரோல்

பனியன் துணி ரோல் இரண்டை ஒன்றாகச் சேர்த்து மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து, நைலான் கயிற்றால் இறுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டு எங்கள் கட்டிங் மாஸ்டர் கம்பெனி கேட்டைத் தாண்டிப் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவதுபோலத்தான் இருக்கும். பெட்ரோல் டாங்கின் மேல் சின்னதாக ஒரு பொட்டலம் வேறு. ரோல் இரண்டும் அவருடைய மனைவி, பொட்டலம் மகள். சாயம் பிசகி ஒதுக்கிய ரோல்கள் என்பதால் முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வாங்குவதற்கு முன்னால் குடும்பத்தை எடைகட்டி ஓட்டிப் பார்த்த மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் பனியன் ஊரில், வீரபாண்டிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றேன். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் மனிதர்களிடமும் ஓட்டை தேடுகிறாள் என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கு எதிரே மாஸ்டரின் மேசை. அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கரண்ட் கத்தியை வைத்தாரென்றால் கை கொஞ்சமும் நடுங்காது. அதே மனிதர் டீக்கடையில் டீயா காப்பியா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். "வெட்டிட்டா ஒட்ட முடியாதும்மா. நாள் பூரா அதையே செஞ்சுட்டு வெளிய வந்தா, எதையும் முடிவு பண்ணவே பயமா இருக்கு" என்பார். நாங்கள் சிரிப்போம்.

மனைவியும் சின்ன மகளும் ஊரில், மாமனார் வீட்டில் இருந்தார்கள். சாயத்தண்ணி ஓடுகிற ஊருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்ட பிறகுதான் மாஸ்டர் கிளம்ப முடியும். திங்கட்கிழமை காலையில் மேசைக்கு வந்துவிட வேண்டும். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், மகள் பக்கத்தில் வந்து பழகுவதற்குள் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்தக் குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, ஒரு மாமா வந்திருக்காக" என்றதாம். எங்களிடம் அதைச் சொன்ன அன்று அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. வாரம் தவறாமல் போக வேண்டும், அதற்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தான் கடைசிவரை விருந்தாளிதான் என்பது அவருக்கு உறைத்துவிட்டது.

ஆனால் எந்த வண்டி? அங்கேதான் மாஸ்டர் மாட்டிக்கொண்டார். தடதடவென்று போகும் பெரிய வண்டி எத்தனை தூரமும் தாங்கும், ஆனால் அவசரத்துக்குப் பறக்காது. புதிதாக வந்திருந்த சின்ன வண்டிகள் சிட்டாகப் போகும், லாரி தாண்டினால் ஆடிப்போகும். அவருக்கு வேகமும் வேண்டும், நாள்முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு நோகக் கூடாது. வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியை எங்கள் கம்பெனியில் எடுத்துப் போகிற வேஸ்ட் வியாபாரி ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் பாய்தான். இரண்டு புகைக்குழாய் வைத்த, முறுக்கினால் பாய்கிற வண்டி ஒன்றை அவர் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் நிபந்தனைகளைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க மாஸ்டர், ஒரே வண்டி குதிரையாவும் இருக்கோணும், கட்டிலாவும் இருக்கோணும்னா எப்படீங்க?" என்றார். "இருந்தா நல்லாத்தானங்க இருக்கும், பாய்" என்று மாஸ்டர் மெய்யாகவே யோசித்தபடி பதில் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெறும் மேசையில் சாக்பீஸால் ரோடு போடுவார். தாராபுரத்தில் அமராவதிப் பாலம், திரும்பி வருகையில் விடியும்போது அங்கே தண்ணீரின் மேல் புகை மாதிரி பனி நிற்கும் என்பார். ஒட்டன்சத்திரம் தாண்டினால் வலது பக்கம் மலை கூடவே வரும். மதுரை, விருதுநகர், சாத்தூரில் நிறுத்தி வெள்ளரிப் பிஞ்சு. பிறகு கரிசல் காடு, ரோடு நேராகக் கிடக்கும், அங்கேதான் முறுக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் லேசாக முன்னால் நீட்டுவார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்த ரோடுதான், அதில் பாதி அவர் கனவில் கண்டதாகக்கூட இருக்கலாம். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றும், அந்தக் காற்றில் பஞ்சுத் தூசி மிதக்கும், நாங்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருப்போம். பெல் அடித்ததும் துணியை விரிப்பார், ரோடு அடியில் போய்விடும். மறுநாள் மறுபடியும் போடுவார். இப்போது என் மகன் போனில் விதவிதமான வண்டி காட்டி, மலையும் ஏறலாம், நெடுஞ்சாலையிலும் பறக்கலாம் என்கிறான். நான் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு அந்த மேசையில்தான் இருப்பேன்.

பாயின் வண்டியை ஓட்டிப் பார்த்த நாளில்தான் விபரீதம். திருமுருகன்பூண்டியில் ஒரு வளைவில் மாஸ்டர் ஆசைப்பட்டு முறுக்கியிருக்கிறார். வழுக்கு சீட்டு. கயிறு நழுவி ரோல் இரண்டும் போர்வையோடு ரோட்டில் உருண்டன. ரோட்டோரப் பட்டறைகளில் சிலை செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் உளியைப் போட்டுவிட்டு, "அய்யோ, அம்மிணி உழுந்துட்டாங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்களாம். வந்து பார்த்தால் துணி. கம்பெனியே ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், அந்த ரோலைத் தூசி தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

இனி இவர் வண்டியே வாங்கமாட்டார் என்று நினைத்தோம். அவரோ அந்த வண்டியையேதான் வாங்கினார். குதிரை கிடைத்துவிட்டது, கட்டிலை நான் செய்துகொள்கிறேன் என்றார். பழைய சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அகலமாக ஒன்று அமைத்தார். உள்ளே வைக்க, இந்த ஊரில் எதற்குப் பஞ்சம்? பாயின் குடோனிலிருந்து பனியன் வேஸ்ட்டை மூட்டையாக எடுத்துவந்து திணித்து, மேலே ரெக்சின் தைத்தார். உட்கார்ந்து பார்த்தேன். கல்யாண வீட்டு மெத்தை தோற்றது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அவர் புறப்பட்டபோது, எல்லோரும் கேட்டுக்கு வந்து நின்று அனுப்பிவைத்தோம். வண்டி அலறிக்கொண்டு தாராபுரம் ரோட்டைப் பார்த்துப் போனது.

திங்கட்கிழமை காலை, பெல் அடிப்பதற்கு முன்னால், லேசான பனியில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. டாங்கின் மேல் ஒரு குழந்தை மாஸ்டரின் மார்பில் சாய்ந்து, அவர் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண். துணி ரோல் இல்லை, நிஜமான பெண். ஞாயிறு மத்தியானம் கிளம்பி, ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து வந்திருக்கிறார்கள். இறங்கிய அந்த அம்மாவுக்குக் கால் நிற்கவில்லை. நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "வண்டி எப்படீங்க்கா இருந்துச்சு?" என்றேன்.

"சாத்தூர் வரைக்கும் மெத்த. மதுர வாரதுக்குள்ள ஆட்டுக்கல்லு. இடுப்பு இருக்கா போயிருச்சான்னே தெரியல, தங்கச்சி. இனி செத்தாலும் இதுல ஏறமாட்டேன்."

பனியன் வேஸ்ட் அமுங்கி அமுங்கி இறுகிப்போயிருந்தது. ரோல்கள் சொல்லாத குறையை அந்த அம்மா சொல்லிவிட்டார். மாஸ்டர் முகம் தொங்கிவிட்டது.

"இவ டாங்க்ல ஏறி உக்காந்துட்டு, அப்பாகூடத்தான் போவேன், எறங்கமாட்டேன்னு ஒரே அழுக. அதான் ரெண்டு நாளு இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் அந்த அம்மா.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "திரும்பிப் போறதுக்குப் பஸ் இருக்குதுங்க்கா" என்றேன்.

அந்த அம்மா, வண்டியின் மேல் தூங்குகிற மகளையும், அவள் விழித்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த புருஷனையும் பார்த்தார்.

"பஸ்ஸு இருக்கும். அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார். பிறகு என் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் நல்ல தண்ணி வருகிற மாதிரி வாடகைக்கு வீடு ஏதும் கிடைக்குமா என்று கேட்டார்.