உதயகலா கேட்ட மடிக்கணினி

சண்டிலிப்பாயில் எவர் கணினி வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவதில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கேட்டவர் ஒருவர், அவரும் கடைசியில் தையல் மெஷின்தான் வாங்கினார். ஆனாலும் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள், எந்தச் சாமானையும் பார்த்தவுடன் எடைபோட்டுவிடுவேன் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் கெட்டவள் உதயகலா.

அவள் என் தங்கையின் மகள். முப்பத்தெட்டு வயது. தாய் போனபின் என்னோடுதான் இருக்கிறாள். கொக்குவிலில் ஓர் அச்சகத்தில் பதினான்கு வருடம் கல்வெட்டுகளுக்குப் பக்கம் அமைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்கள் கையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், வம்சாவளி, படங்கள் எல்லாம் சேர்ந்த புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். அதுதான் கல்வெட்டு. உதயகலா செய்தால் பூட்டன் வரைக்கும் ஒரு பெயர் பிசகாது. செத்தவர்களே வந்து பிழை பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பின்னட்டையில் மட்டும் முதலாளியின் பெயர் இருக்கும்.

போன வருடம் அந்த வேலையை விட்டாள். வீட்டிலிருந்து தன் பெயரிலேயே செய்யப்போவதாகச் சொன்னாள். ரொறன்ரோவில் இருக்கும் என் மகன் நிருஷன் கணினி வாங்கித் தர ஒப்புக்கொண்டான்.

"தங்கச்சி, இப்ப திரையைக் கழட்டிப் பூட்டுற சாமான் வந்திருக்கு. கழட்டினால் டப்லெட், பூட்டினால் லப்டொப். உனக்கு அது வேணுமோ?"

"வேண்டாம் அண்ணை. கழட்டேலாத சாதாரண லப்டொப் காணும். பாரமெண்டாலும் பரவாயில்லை. அது மேசையிலை கிடந்தால் சரி."

மூன்று கிழமையில் பொதி வந்தது. உள்ளே இருந்தது கழற்றுகிற சாமான். நிருஷன் தன்பாட்டில் மாற்றிவிட்டான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்களுக்கு எது நல்லது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். உதயகலா திரையை ஒருமுறை கழற்றினாள், திரும்பப் பூட்டினாள். "நல்ல சாமான்" என்றாள்.

நல்ல சாமான்தான். திரையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி, புகையிலைத் தோட்டம் எல்லாவற்றையும் ரொறன்ரோவில் இருக்கும் பேரனுக்கு வீடியோவில் காட்டலாம். காட்டினேன். அவள் வேலை செய்துகொண்டிருந்த நேரத்திலும் காட்டினேன்.

"பெரியம்மா, அரை மணித்தியாலம் பொறுங்கோ. வம்சாவளி அரைவாசியிலை நிக்குது."

"செத்த மனுசன் எங்கை ஓடப்போறார். என்ரை பேரன் நித்திரைக்குப் போயிடுவான்."

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டாள்.

தனியாக அவளுக்கு வந்த முதல் வேலை கோப்பாய்ப் பொன்னம்பலம் வாத்தியாரின் கல்வெட்டு. மகள் றஜனி அச்சகத்துக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தாள். அறுபது பக்கம். பின்னட்டையில் முதல்முறையாக உதயகலாவின் பெயர் வரும். அந்த அந்தியேட்டிக்குக் கோப்பாயில் பாதி வரும்; இது சரிவந்தால் பிறகு வேலை அவளைத் தேடி வரும்.

வாத்தியார் இறந்து இருபத்தொன்பதாம் நாள் எங்கள் அம்மன் கோவில் தேர். உதயகலா அட்டைக்குக் கடதாசி பார்க்க யாழ்ப்பாணம் புறப்பட்டாள். "உதைத் தொடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேரனுக்குத் தேர் காட்டவென்று நான் திரையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். எழுத்துப் பலகையை மேசையிலேயே விட்டு, தூசி படாமல் துணியும் போட்டேன். தட்டியதெல்லாம் பலகைக்குள்தானே இருக்கும், திரை வெறும் கண்ணாடிதானே என்பது என் கணக்கு.

தேருக்கு முன்னால் நூறு தேங்காய்கள் ஒரேயடியாகச் சிதறின. பறந்துவந்த துண்டொன்று திரையில் பட்டது. கண்ணாடி வெடித்து, படம் கறுத்துப்போனது.

உதயகலா வந்து மேசையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"வேலையெல்லாம் அதிலை பத்திரமாக் கிடக்கு பிள்ளை" என்று பலகையைக் காட்டினேன்.

"அதுக்கை ஒண்டும் இல்லை பெரியம்மா. எல்லாம் நீங்கள் வச்சிருக்கிற உதுக்கைதான்."

அன்று பின்னேரம்தான் பிரதி எடுத்து வைப்பதாக இருந்தாளாம்.

திருத்துகிறவர் ஐந்து நாள் கேட்டார். றஜனி தகப்பனின் படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள். அங்கே அவசரத்தில் எட்டுப் பக்கம் அடித்துக் கொடுத்தார்கள். வாத்தியாரின் மூத்த தமையன் பெயர் அதில் விடுபட்டுப்போனது. அதன்பிறகு உதயகலாவிடம் எவரும் வரவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அச்சகத்துக்கே திரும்பினாள். அங்கே இப்போது அவளுக்கு மேலே இருப்பவள், அவளிடம் வேலை பழகிய டிலக்ஷி.

திரை திருத்தி வந்துவிட்டது. பின்னேரங்களில் என் மடியில் கிடக்கிறது.

இதை எழுதி முடித்து உதயகலாவிடமே பிழை பார்க்கக் கொடுத்தேன். பென்சிலோடு இருந்து கடைசிவரை வாசித்தாள்.

"தேங்காய் நூறில்லை, ஒண்டு. நீங்கள்தான் முன்னுக்குப் போய் நிண்டனீங்கள்."

"சரி, மாத்து."

"மற்றது, நிருஷன் அண்ணை தன்பாட்டிலை மாத்தேல்லை. நான் கேட்டதைத்தான் வாங்கி வச்சிருந்தவர். நான் குளிக்கப் போன நேரம் நீங்கள் அவருக்குப் போன் எடுத்து, பிள்ளை மனம் மாறிட்டாள், கழட்டுறதைத்தான் கேக்கிறாள் எண்டு சொன்னனீங்கள். பொதி வந்த அண்டைக்கே அண்ணை எனக்குச் சொல்லிப்போட்டார்."