முழந்தாளிட்டவளின் கதை

நாகர்கோவில் மிஷன் கொட்டகையில் நாங்கள் வெள்ளை நூலில் ரேந்தைப் பூவேலை பின்னும்போது, ஒருத்தி மட்டும் கிறிஸ்தவ நாவல் வாசித்துக் காட்ட வேண்டும். சுத்தமான கதைகள்தான். அவற்றில் எவளுக்கும் பசிக்காது, வலிக்காது.

அன்று என் முறை. புதிதாக வந்த அந்த நாவலை எழுதியவர் எங்கள் சபைப் போதகர். அவர் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர், என் எதிரில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான்.

கதையில் குடிகாரக் கணவன் கம்பை ஓங்குகிறான். மனைவி முழந்தாளிட்டு ஜெபிக்கிறாள். உடனே அவன் கம்பை எறிந்துவிட்டு அழுகிறான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகத்தை மூடினேன்.

"கதை எப்படி இருக்கு மக்கா?" என்று ஐயரம்மா கேட்டார்.

"நல்ல கதை அம்மா" என்று மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். பக்கத்திலிருந்தவள் பேசாதே என்பதுபோல் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"முட்டுக்குத்தி நின்னா அடி முதுகுல விழும் அம்மா" என்றேன். "இத எழுதினவரு ஒருநாளும் அடி வாங்கினதில்ல."

கொட்டகையில் எல்லாக் கைகளும் நின்றன. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஐயரம்மா தோள்சேலையை இழுத்து முதுகை மூடிக்கொண்டார்.

"வாங்கினதில்லதான்" என்றார். "குடுத்ததுண்டு."