எந்த ஓட்டையில் சொருகினீங்க?

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். பதினாறு வருடமாக அதே நாற்காலி, காதில் அதே மாதிரி ஹெட்போன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் அவர்தான் என்பதால் ஆபீஸில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். அந்தப் பெயரை அவர் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. யாராவது மறந்துபோய் 'சார்' என்று கூப்பிட்டால்தான் முகம் லேசாகச் சுருங்கும்.

திரையில் படம் வரவில்லை என்று அழைக்கிறவர்களிடம் கேட்பதற்காக அவர் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். ஆபீஸ் முழுக்க அந்தத் தாளை வைத்துத்தான் வேலை நடக்கும். அழைத்தவர்களின் அசட்டுத்தனங்களையும் கதை கதையாகச் சேர்த்து வைத்திருந்தார். மானிட்டர் சுவிட்சைப் போடாமலே அரைமணி நேரம் சட்டம் பேசிய வக்கீல். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கை அதே பெட்டியில் சொருகிவிட்டு 'கரண்ட் வரலை' என்று அழுத சொந்த மச்சினர். மச்சினர் கதையை அவர் முன்னாலேயே சொல்வார். கேட்டுக் கேட்டு மச்சினர் வீட்டுக்கு வருவதே குறைந்துவிட்டது.

அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்கு பிளான் வரைகிறவள். கோடுகள் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமென்று அவள் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை வாத்தியாருக்கு லீவு. மனைவி மனை அளக்கக் காலையிலேயே கிளம்பிவிட்டாள். சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு ஒரு உபகாரம் செய்வோமே என்று தோன்றியதுதான் வினை.

ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியை பால்கனிக்குத் தூக்கிப்போய், பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, திரும்பக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாட்டினார். பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்து, அதுவும் அணைந்தது.

வாத்தியார் முதலில் புன்னகைதான் செய்தார். பிறகு டிவியின் ஒயரைக் கழற்றி வந்து, பழையதை உருவிய இடத்திலேயே அதை மாட்டிப் பார்த்தார். மெமரியை உருவி ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். மானிட்டரின் அடியிலிருந்த பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தியதில், அதன் எழுத்துகள் அவருக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு மொழிக்குப் போய்விட்டன. கடைசியில் கார்டு செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினார். பிரஷ் கொன்றதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? 'கரண்ட் ஏறி இறங்கிடுச்சு' என்ற வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தான் எழுதிய பன்னிரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவை மற்றவர்களுக்கு.

பதினொரு மணிக்கு மனைவி போன் செய்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவாள், நாலு மணிக்குள் பிளானை அனுப்பியாக வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தார். வைத்த கையோடு, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு தன் ஆபீஸுக்கே போன் செய்தார். பதினொரு பேர் உட்கார்ந்திருக்கும் இடம். யாராவது புதுசு எடுக்கும் என்று நம்பினார். எடுத்தது பக்கத்து நாற்காலிக்காரி. ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். இங்கேயும் அவளுக்கு நர்ஸ் என்றே பெயர்.

குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, கார்டு போய்விட்டது, புதுசு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நர்ஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை. விளக்கு எரிகிறதா, விசிறி சத்தம் கேட்கிறதா, மானிட்டரில் ஏதாவது எழுத்து வந்ததா என்று வரிசையாக ஆரம்பித்தாள். நாலாவது கேள்வியில் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் பாத்தாச்சும்மா. எனக்கு இதெல்லாம் தெரியும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் எதையும் பார்த்திருக்க மாட்டார் என்று அவரே வகுப்பெடுத்திருக்கிறார்.

"சரிங்க சார்," என்றாள் நர்ஸ். "ஒயர் முனையில தூசி இருந்தாலும் இப்படி ஆகும். கழட்டி ஒரு தடவை ஊதிட்டு மாட்டுங்க."

தூசியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சரியாக மாட்டினீர்களா என்று கேட்டால் எல்லோரும் 'ஆமாம்' என்பார்கள். ஊதச் சொன்னால், மானம் போகாமல் மேஜைக்கடியில் போய்ப் பார்ப்பார்கள். அவரே கண்டுபிடித்த தந்திரம் அது. தெரிந்தும் மண்டியிட்டுத் தவழ்ந்து போய் ஒயரைக் கழற்றி ஊதினார்.

"இப்ப எந்த ஓட்டையில சொருகப் போறீங்க?"

"எப்பவும் சொருகறதுலதான்."

"அது நின்ன மாதிரி இருக்கா, படுத்த மாதிரி இருக்கா?"

வாத்தியார் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். மேலே நின்றிருப்பது பெட்டியோடு வந்தது. கீழே படுத்திருப்பது கார்டுடையது. கார்டு போட்ட பெட்டியில் கீழே உள்ளதில்தான் மாட்ட வேண்டும். அவர் தாளில் அது ஏழாவது கேள்வி.

"நின்ன மாதிரி," என்றார். கைக்குட்டை எப்போதோ நழுவியிருந்தது.

"கீழ படுத்த மாதிரி இருக்கறதுல சொருகுங்க, வாத்தியாரே."

எழுந்த வேகத்தில் மேஜை தலையில் இடித்தது. ஒயரைக் கீழே மாற்றிச் சொருகியதும் படம் வந்துவிட்டது, கார்டு கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தது. மண்டையைத் தேய்த்தபடி எப்போது தெரிந்தது என்று கேட்டார். ஹலோ சொன்னபோதே என்றாள்.

"அப்புறம் எதுக்கும்மா இத்தனை கேள்வி?"

"நீங்க பயந்து போயிருந்தீங்க. பயந்தவங்ககிட்ட ஒண்ணொண்ணாத்தான் கேக்கணும்."

அது அவர் எழுதிய தாளில் இல்லாதது.

மனைவி வந்து மானிட்டரைப் பார்த்துவிட்டு, இது என்ன பாஷை என்று கேட்டாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றே முக்காலுக்குப் பிளானை அனுப்பிவிட்டு, முதல் காரியமாக அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி அண்ணனுக்குப் போன் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாத்தியார் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வேறு யாராவது சொல்லும் முன் தானே சொல்லிவிடுவது மேல் என்று, கைக்குட்டை முதல் மேஜை வரை ஒன்று விடாமல் சொன்னார். எல்லோரும் ரசித்தார்கள், ஆனால் ஒருவர்கூட நம்பவில்லை. எவனோ ஒரு அசட்டு ஆளின் கதையை வாத்தியார் பெருந்தன்மையாகத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றார்கள். அவர் சாட்சிக்கு நர்ஸைப் பார்த்தார்.

"கூப்பிட்டவங்க விவரத்த வெளியில சொல்லக்கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.