அன்ரனெற்றின் வெளிச்ச மீன்கள்

கனடாவின் ஏரிக்கரைப் பகுதியான ரூஜில் டிசம்பர் மாதத்துக் காலைகள் விடிவதற்கு மனமில்லாதவை. ஏழு மணி தாண்டியும் வானம் கருநீலமாகவே கிடக்கும். வீதி விளக்குகளின் கீழே பனித்தூள் அவசரமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். அந்த அரையிருட்டுக்குள் அன்ரனெற் தன் மஞ்சள் பள்ளி பஸ்ஸை மெல்ல உருட்டிக்கொண்டு வருவாள். ஐம்பதை நெருங்கிய, கட்டையான பெண். தலையில் கம்பளித் தொப்பி, விரல் நுனி வெட்டிய கையுறை. ஹீற்றரின் சூடு முழங்காலில் படும்போது, தான் பஸ் ஓட்டவில்லை, ஆழமான தண்ணீருக்கு அடியில் எதையோ நகர்த்திக்கொண்டு போகிறோம் என்று அவளுக்குத் தோன்றும். அந்த எண்ணம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் லக்சிகா அவள் கண்ணில் படாமல் போனாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. கறுப்புக் கோட்டு, கறுப்புப் பை, கறுப்புச் சப்பாத்து. தரிப்பிடத்தில் நின்ற மரத்தோடு மரமாக நின்றிருக்கிறாள். பஸ் தாண்டிப் போன பிறகுதான் பக்கக் கண்ணாடியில் ஏதோ அசைந்தது. அன்ரனெற் நிறுத்திக் கதவைத் திறந்தாள். பனிக்குள்ளால் ஓடிவந்த பிள்ளை படியில் ஏறி நின்று மூச்சு வாங்கினாள்.

"மிஸ், நான் அங்கதான் நிண்டனான். யூ டிடின்ட் சீ மீ?"

"காணேல்லை ராசாத்தி, சொறி. நீங்கள் முழுக்க இருட்டு நிறத்திலை எல்லோ நிக்கிறியள்."

"கறுப்பெண்டா ஊத்தை தெரியாதாம். அம்மா சொன்னவ," என்று சொல்லிவிட்டு லக்சிகா தன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

பிள்ளை அதை அத்தோடு மறந்தாள். அன்ரனெற்றால் முடியவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் உற்றுப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் இருட்டு நிறத்தில்தான் நின்றார்கள்.

கனடாவுக்கு வந்த புதிதில் அவள் மார்க்கம் நகரில், மின்சுற்றுப் பலகைகள் செய்யும் ஒரு சர்க்கிற் போர்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது பஸ் லைசென்ஸ் எடுத்தாள். ஆனால் ஈயம் உருகும் மணம் அவளை விடவில்லை. பேஸ்மென்றில், நிலத்தோடு ஒட்டிய சின்ன யன்னலுக்குக் கீழே ஒரு மேசை போட்டிருந்தாள். காலைச் சுற்றுக்கும் பின்னேரச் சுற்றுக்கும் இடையில் இருந்த நேரம் அவளுடையது. பழுதான ரேடியோ, பாடாத மணிக்கூடு என்று எதையாவது பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த மேசையில்தான் முதல் மீன் பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு போர்ட், மீன் வடிவில் வெட்டியது. முதுகில் செதில்போல வரிசையாகக் குட்டி எல்ஈடி விளக்குகள். வயிற்றில் காசளவு பற்றரி. பையில் கொழுவிவிட்டு நடந்தால் எரியும்; அசையாமல் நின்றால் மங்கி அணையும். ஒவ்வொரு எல்ஈடியையும் சாமணத்தால் பிடித்து, மூச்சை அடக்கி, ஈயப் பசையில் வைத்தாள். முடித்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது, கழுத்து நிமிர மறுத்தது.

லக்சிகாவின் தாயிடம் கேட்டுவிட்டு அந்த மீனைப் பிள்ளையின் பையில் கொழுவினாள். அதன் பிறகு பஸ்ஸில் வேறு கதை இல்லை. "மிஸ், எனக்கு?" "மிஸ், எனக்கு நீலக் கலர் இருக்கோ?" என்று எல்லா இருக்கைகளில் இருந்தும் குரல் வந்தது. அன்ரனெற் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "ஓம், ஓம், செய்யிறன்," என்றாள். சொன்ன பிறகுதான் தன் கழுத்தை நினைத்தாள்.

மெசின் வந்தது அப்படித்தான். இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தாள்: வீட்டில் வைத்துப் பாவிக்கக்கூடிய, போர்ட்டில் பாகங்களைத் தானே எடுத்து வைக்கும் மேசை மெசின். விற்றவன் ராம்குமார், கோயம்புத்தூர்ப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் உயரமான ஒரு தளத்தில் மனைவி நிவேதிதாவோடு இருந்தான். நிவேதிதாவுக்கு நிறைமாதம். மெசின் நின்ற மூலையில் தொட்டில் வரவேண்டும். அதனால் மெசினை ஒரு போர்வையில் சுற்றி, லிஃப்ற்றில் இறக்கி, அன்ரனெற்றின் கார் சீற்றில் வைத்து, பெல்ற்றும் போட்டுவிட்டான்.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இதோட நாசில் சரியில்லை. மாத்தணும் மாத்தணும்னே நாள் போயிடுச்சு."

"நொசில் தானே தம்பி? நான் மாத்துறன்."

"எதுனாலும் கூப்பிடுங்க. எனக்கும் ஆசையா இருக்கு, அது நல்லா ஓடுறதைப் பார்க்க."

நொசில்தான் அந்த மெசினின் விரல். ஊசிபோன்ற ஒரு குழாய். பம்ப் அதற்குள்ளால் காற்றை உறிஞ்ச, ரேப் என்ற நாடாவில் அடுக்கியிருக்கும் பாகம் ஒன்று அதன் நுனியில் ஒட்டிக்கொள்ளும். மெசின் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்ட்டின்மேல் நின்று, இறங்கி, வைத்து, உறிஞ்சுவதை விடும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ராம்குமாரின் பழைய நொசில்களின் நுனி தேய்ந்திருந்தது. தூக்கிய பாகம் பாதி வழியில் விழுந்தது. விழாதது சரிந்து இருந்தது. சில நேரம் வைத்துவிட்டு வந்த பாகம் திரும்பவும் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரமும் ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருக்கும், எங்கோ காற்று ஒழுகும் சத்தம்.

மேலே அறையில் அகஸ்ரின் படுத்திருப்பான். அன்ரனெற்றின் கணவன், பாண் பேக்கரியில் இரவு வேலை. காலையில் வந்து, உடம்பெல்லாம் வெந்த மாவின் மணத்தோடு நித்திரைக்குப் போவான். சீறல் அவனைக் குழப்புமோ என்று அவள் பயந்தாள்.

"சத்தம் கேக்குதோப்பா? நிப்பாட்டவோ?"

"வேண்டாம். எனக்கு அது கடல் மாதிரிக் கேக்குது. ரண்டு நாளாக் கடற்கரையிலை படுத்துக் கிடக்கிற கனவுதான்," என்றான் அவன் கண்ணைத் திறக்காமலே.

புது நொசில்கள் ஒரு சின்னப் பெட்டியில் வந்தன. தலைக்குள் வில்லுச்சுருள் இருக்கும் வகை. பலமாக முட்டினாலும் நுனி உள்ளே போய் வெளியே வரும். பழைய ஊசியைக் கழற்றி, புதிய பிடியைத் தண்டில் பூட்டி, காற்றுக் குழாயை மேலே கொழுவினாள். பெட்டியில் வேறு வேறு பருமனில் நுனிகள் இருந்தன. ஒன்றின் வாயில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. அது பழுதானது என்று நினைத்து யன்னல் ஓரத்தில் வைத்தாள்.

முதல் ஓட்டத்தில் மெசின் போர்ட்டை அமத்தி வளைத்துவிட்டது. அவள் பதறி நிறுத்தினாள். யோசித்தபோது சிரிப்பு வந்தது. புது நொசில் பழையதை விட நீளம். மெசினுக்கோ விரல் வளர்ந்தது தெரியாது. உயரத்தை முதலில் இருந்து சொல்லிக் கொடுத்தாள். பிறகு நொசிலைக் கீழே இருந்து பார்க்கும் கமராவுக்கு மேலே கொண்டுபோய் மெல்லச் சுழற்றினாள். திரையில் நுனியின் ஓட்டை ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. நொசில் திரும்பத் திரும்ப அந்த வட்டம் ஒரே இடத்தில் நிற்காமல், மிகச் சிறிய ஒரு சுற்றில் மிதந்தது. எவ்வளவு விலகுகிறது என்று மெசின் தானே அளந்து மனதில் வைத்துக்கொள்ளும். அன்ரனெற்றுக்கு வேறு வேலை இல்லை. யன்னலுக்கு வெளியே பனி விழுந்தது, திரையில் வட்டம் மிதந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில், பின்னேரச் சுற்றுக்கு நேரமாகிவிட்டதை அலாரம் அடித்துத்தான் உணர்ந்தாள்.

அடுத்த நாள் சின்னச் சின்ன மின்தடைப் பாகங்களை எல்லாம் மெசின் சரியாக வைத்தது. அவள் கைதட்டினாள், யாரும் இல்லாத பேஸ்மென்றில். ஆனால் எல்ஈடியின் முறை வந்ததும் பழைய சீறல் திரும்பியது. எடுத்தது, விழுந்தது. எடுத்தது, விழுந்தது. உயரத்தை மாற்றினாள், நுனியை மாற்றினாள், காற்றுக் குழாயை வெட்டிப் புதிதாகக் கொழுவினாள். ஒன்றுக்கும் அது அசையவில்லை. கடைசியில் ராம்குமாரை அழைத்தாள். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, பிறந்திட்டுதோ!"

"ஆமாக்கா, பொண்ணு. போன வாரம். அவ தூங்கறதே இல்லை, நாங்களும்தான். நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா, அந்த எல்ஈடி தலை தட்டையா இருக்கா, உருண்டையா இருக்கா?"

"உருண்டை. சின்னக் கண் மாதிரி."

"அப்போ இரும்பு நுனி அதுமேல சரியா உட்காராது. ஓரத்துல காத்து போகும். பெட்டியில கறுப்பு ரப்பர் வச்சது ஒண்ணு இருந்துச்சா?"

அன்ரனெற் யன்னலைப் பார்த்தாள். "இருக்கு தம்பி. நான் அதைப் பழுது எண்டு ஒதுக்கி வைச்சிட்டன்."

அவன் சிரித்தான். குழந்தை ஏனோ அழுகையை நிறுத்தியது. "போடுங்க அக்கா. நான் லைன்லயே இருக்கேன்."

ரப்பர் வாய் வைத்த நுனியைப் பூட்டினாள். மெசின் நகர்ந்து, ரேப்பின்மேல் நின்று, இறங்கியது. ரப்பர் அந்த உருண்டைத் தலையைப் பொத்திக்கொண்டது. சீறல் நின்றுவிட்டது. எல்ஈடி எழுந்தது, கமராவின் மேலால் ஒரு கணம் மிதந்தது, போய்த் தன் இடத்தில் இறங்கியது. அடுத்தது. அடுத்தது. மோட்டரின் மெல்லிய முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"ஓடுதாக்கா?" என்று தொலைபேசி மெதுவாகக் கேட்டது.

"ஓடுது," என்றாள் அவளும் மெதுவாக. உரத்துச் சொன்னால் ஏதாவது குழம்பிவிடும்போல இருந்தது.

"இங்க பாப்பாவும் தூங்கிட்டா. நான் வச்சிடறேன்."

படியில் காலடி கேட்டது. அகஸ்ரின், ஒரு பக்கத் தலைமயிர் எழும்பி நிற்க, போர்வையைத் தோளில் போட்டபடி இறங்கி வந்தான்.

"என்னப்பா, மெசின் பழுதாப் போச்சே?"

"இல்லையே, நல்லா ஓடுது. ஏன்?"

"கடல் நிண்டிட்டுது. நான் திடுக்கிட்டு எழும்பிட்டன்."

அவள் தான் இருந்த வாங்குப் பலகையில் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மெசின் எல்ஈடிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து செதில் செதிலாக அடுக்கியது. ஒரு மீன் முடிந்து அடுத்த மீன் தொடங்கியது. அகஸ்ரின் தன் பாதிப் போர்வையை அவள் தோளில் போட்டான்.

"உந்த மெசினைப் பார்க்கப் பார்க்க நித்திரை வருது," என்றான்.

"அப்ப இஞ்சையே படுங்கோவன்."

அவன் அந்த வாங்கிலேயே, அவள் மடியில் தலையை வைத்து உறங்கினான். அவள் அசையாமல் இருந்தாள்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்னரே எல்லாப் பிள்ளைகளுக்கும் மீன் கிடைத்துவிட்டது. மெசின் அடுக்கிய போர்ட்டுகளைப் பழைய பீட்சா அடுப்பில் வைத்து ஈயப் பசையை உருக்கி ஒட்டினாள். பெற்றோரின் சம்மதத்தோடு, பஸ் கம்பனியிலும் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். கொடுத்த மறுநாள் ஏரிப்பக்கம் இருந்து கனத்த மூடுபனி வந்து ரூஜை மூடிற்று. வீடும் இல்லை, மரமும் இல்லை. அன்ரனெற் ஊர்ந்து ஊர்ந்து போனாள். முதல் தரிப்பிடத்துக்கு வெகு தூரத்திலேயே அந்தச் சாம்பல் நிறத்துக்குள் பச்சையும் நீலமும் துள்ளின. நின்றால் அணையும் என்று தெரிந்த பிள்ளைகள், குளிருக்கும் சேர்த்து, குதித்துக்கொண்டே நின்றிருந்தார்கள். பிள்ளைகளே தெரியவில்லை; மீன்கள் மட்டும் தெரிந்தன. அவள் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்ததும் மீன்கள் ஒவ்வொன்றாகப் படியேறி, அவளைக் கடந்து, பின்னால் நீந்திப் போயின. அவள் "குட் மோர்னிங்" சொல்லவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகொருநாள் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியை பஸ்ஸின் அருகே வந்து சொன்னார், வகுப்புக்கு வெளியே உள் நடைக்கூடத்துச் சுவரில்தான் பிள்ளைகள் பைகளைக் கொழுவுவார்களாம். பாடம் நடக்கும்போது அங்கே விளக்கு அணைந்திருக்கும். தண்ணீர் குடிக்கப் போகும் ஏதாவது ஒரு பிள்ளை போகிறபோக்கில் பைகளைக் கையால் தடவிவிட்டுப் போனால், சுவர் முழுக்க ஒரு மினுக்கம் ஓடி, மெல்ல மெல்ல அணைந்துபோகுமாம்.

ஓட்டுநர்கள் உள்ளே போவதில்லை. அன்ரனெற் அந்தச் சுவரை இன்றுவரை கண்டதில்லை. வெறும் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வரும்போது சில நாட்களில் அதை நினைப்பாள். எந்தப் பிள்ளையின் கை அது, எந்தப் பக்கமிருந்து தடவிக்கொண்டு போகும், கடைசியாக அணைவது பச்சையா நீலமா என்று.