மெஷின் நின்ற கால்மணி நேரம்

எங்கள் பாட்டு வகுப்பில் அவளுக்கு ஜாடி என்று பெயர் வைத்தது நான்தான். அவளுடைய அப்பா சிராமிக் பட்டறையில் ஊறுகாய் ஜாடி வார்க்கிறவர். அவளும் குட்டையாக, உருண்டையாக இருப்பாள். பெயர் அத்தனை கச்சிதமாகப் பொருந்திப்போனதில் எனக்கு ஒரே பெருமை. ஒரே வாரத்தில் வகுப்பில் இருந்த எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை அழுதிருந்தால் அன்றோடு விட்டிருப்பேனோ என்னவோ.

விருத்தாசலத்தில் எங்கள் டீச்சர் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு நடக்கும். எட்டுப் பெண்கள். முன்வரிசையில் நடு இடம் எனக்கு. என் அப்பா திட்டக்குடியில் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தார். அம்மாவும் டீச்சரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள். அந்த நடு இடம் என் குரலுக்காகக் கிடைத்ததில்லை என்று பதின்மூன்று வயதிலேயே எனக்குத் தெரியும். என் குரல் கீழேயும் நடுவிலும் நன்றாகத்தான் இருக்கும். மேல் ஷட்ஜத்துக்குப் போனால் கிழிந்துவிடும். அந்த இடம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உருகிப் பாடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். “பாவத்தோட பாடுது பாருங்க” என்று டீச்சர் மற்றவர்களிடம் காட்டுவார். எந்தப் பாவம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஜாடி மேலே போவதற்கு முகத்தைக்கூட மாற்றிக்கொள்ள மாட்டாள். பக்கத்துக் கடைக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி போய்விட்டு இறங்கி வந்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். இதைவிட நல்ல வார்த்தை இதற்குக் கிடையாது.

கொரோனா வந்ததும் வகுப்பு ஆன்லைனுக்குப் போனது. டீச்சருக்கு லேப்டாப்பைத் தொடவே பயம். எங்கள் வீட்டில் நல்ல நெட் இருந்ததால் என்னை கோ-ஹோஸ்ட் ஆக்கிவிட்டார். யாரை உள்ளே விடுவது, யாரை ம்யூட்டில் போடுவது எல்லாம் என் கையில் வந்தது. எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. எட்டுப் பேரும் சேர்ந்து பாடினால் ஆன்லைனில் ஒரு குரலுக்குப் பின்னால் இன்னொன்றாக இழுத்துக்கொண்டு வரும். அதனால் ஒருத்தியைத் தவிர எல்லோரையும் ம்யூட்டில் போடச் சொன்னார் டீச்சர். அந்த ஒருத்தி நான். மற்ற ஏழு பேரும் அவரவர் வீட்டில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் தங்கள் பிள்ளை பாடுவதை ஊரே கேட்பதாக நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அவள் வீடு பட்டறையை ஒட்டியே இருந்தது. முதல் ஊரடங்கு முடிந்து பட்டறைகள் ஓட ஆரம்பித்ததும், மண் அரைக்கிற மெஷின் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கடகடவென்று வந்துவிடும். “எம்மா, அந்தச் சிராமிக்க மொதல்ல ம்யூட்ல போடு, தலையே வலிக்குது” என்பார் டீச்சர். நான் ஆசையாகப் போடுவேன். டீச்சர் சொல்லாதபோதும் போடுவேன். அவளை விட்டுவிட்டு நாங்கள் ஏழு பேர் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற அவள் முகத்தைப் படம் பிடித்து அதில் ஸ்டிக்கராகப் போட்டேன். யாராவது குட்மார்னிங் சொன்னால்கூட அந்த ஸ்டிக்கர்தான் பதிலுக்கு வரும். விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்போதுதான் டீச்சர் ஒரு நிகழ்ச்சி அறிவித்தார். ஆன்லைனில் ஒவ்வொருத்தியும் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். கடலூரிலிருந்து ஒரு வித்வான் கேட்டு ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார். மண்டபங்கள் திறந்ததும் நடக்கப்போகிற ஆண்டு விழாவில் அவள்தான் தனியாகப் பாடுவாள், மற்றவர்கள் கோஷ்டியாகப் பாடுவார்கள்.

இரண்டு நாள் முன்னால் ஜாடி எனக்குப் போன் செய்தாள்.

“அப்பா சொல்லிட்டாருடி. இதுல செலக்ட் ஆனாத்தான் இனிமே பாட்டு கிளாஸு. இல்லனா பத்தாவது வருது, வுட்டுட்டு படிப்பப் பாருன்னுட்டாரு.”

“சரி, அதுக்கு நான் என்னா பண்றது?”

“நீதான கோ-ஹோஸ்ட்டு. நான் பாடுறப்ப மட்டும் ம்யூட்ட எடுத்து வுடுடி. சத்தம் வராது. அப்பா மொதலாளிகிட்ட கேட்டுட்டாரு. கால்மணி நேரம் மெஷின நிறுத்தி வக்கிறேன்னு சொல்லிட்டாங்க.”

“சரிடி” என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எனக்கே நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. அம்மா தன் பட்டுப்புடவை ஒன்றைச் சுவரில் பின்னால் கட்டியிருந்தாள். முதலில் நான் பாடினேன். மேல் ஷட்ஜம் வந்த இடத்தில் வழக்கம்போலச் சத்தத்தைக் குறைத்து, உருகி, தப்பித்தேன். வித்வான் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். நாலைந்து பேருக்குப் பிறகு அவள் முறை வந்தது. எதிரொலி வரக்கூடாதென்று, பாடுகிறவர்கள் தங்கள் போனில் வருகிற சத்தத்தை அடைத்துவிட வேண்டும் என்பது டீச்சர் வைத்த விதி. அவளும் அடைத்துவிட்டாள். பின்னால் அவளுடைய அப்பா நின்றார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஆனாலும் புருவத்தில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. ஏதோ மந்திரி வந்த மாதிரி எங்கள் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் பக்கத்தில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் ம்யூட்டை எடுத்துவிட்டேன். மெஷின் சத்தம் இல்லை. அத்தனை மாதங்களில் முதல் தடவையாக அவள் வீடு அமைதியாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. பல்லவி ஒரு வரிதான் வந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்த வித்வான் நிமிர்ந்து பார்த்தார். என் பாட்டுக்கு அவர் நிமிரவில்லை. நான் அவளை ம்யூட்டில் போட்டேன். அவளாக எடுக்க முடியாதபடி அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது, அதையும் அழுத்தினேன்.

“என்னாச்சு, சத்தம் வரலியே?” என்றார் டீச்சர்.

“அவ நெட்டு சரியில்ல டீச்சர். பாக்கறேன்.”

படம் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நெட் சரியில்லாவிட்டால் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மா மட்டும் என் விரலைப் பார்த்தாள். பிறகு என் தாவணியைச் சரிசெய்துவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆறு நிமிஷம் பாடினாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்தாள், போனை நோக்கி விரலை நீட்டினாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வித்வான் போனை எடுத்து யாரிடமோ பேசினார். அவள் பாடி முடித்துக் கும்பிட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வார்த்தையும் கேட்காமல் இத்தனை பேர் கை தட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மரியாதை தெரிந்த குடும்பங்கள். இதயம் இதயமாகத் திரையில் பறந்தது. அவளுடைய அப்பா முகமெல்லாம் பல்லாக மறுபடி கும்பிட்டார். “சரி, அடுத்து” என்றார் டீச்சர்.

நான்தான் தேர்வானேன்.

மண்டபங்கள் திறந்ததும் ஆண்டு விழா நடந்தது. முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. கோஷ்டிப் பாட்டு முடிந்து பெண்கள் இறங்கிவந்தார்கள். அடுத்தது என் தனிப்பாட்டு. மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தலையில் வைத்த பூ தொங்குகிறது என்று ஜாடிதான் என்னை நிறுத்தி ஊக்கு குத்திவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் கடைசிக் கச்சேரி. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

குத்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். “அன்னிக்கு நீ ம்யூட்ல போட்டத நான் பாத்தன்டி.”

நான் திரும்பப் பார்த்தேன். தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

“நடுவுல கண்ணு தொறந்தன்ல, அப்பதான் பாத்தேன். அமுக்கிப் பாத்தா வரல. ஹோஸ்ட்டு வுடலன்னு வந்துச்சு.”

“அப்புறம் ஏண்டி பாடுன?”

“அப்பா பின்னாடி நின்னுகிட்டு இருந்தாரு.” ஊக்கைப் பூட்டினாள். “போ, கூப்புடறாங்க. உனக்கு மைக் ஆன்லதான் இருக்குது.”

போனேன். பாவம் செய்தவளுக்குத் தொண்டை அடைத்துப்போவதெல்லாம் கதையில்தான். என் குரல் அன்று அடைக்கவில்லை. மேல் ஷட்ஜம் அதுவரை வராத மாதிரி சுத்தமாக வந்து நின்றது. கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமானது. உடைந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்று அப்படியொன்றும் நினைக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் அவளுடைய அப்பா என்னை நிறுத்தினார். அவர் தோளுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

“நல்லா பாடுன பாப்பா. ஒண்ணு கேக்கணும். டீச்சரம்மாவ கேக்கலாம்னா அவங்கள சுத்திக் கூட்டமா இருக்குது. அன்னிக்குப் போன்ல எங்க பாப்பா பாடுச்சே, நீங்கள்லாம் கேட்டுகிட்டுதான இருந்தீங்க. எங்க தப்பு வுட்டுது? எனக்குப் பாட்டு தெரியாது. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. எங்கன்னு தெரிஞ்சா மனசு ஆறிடும், வேற ஒண்ணுமில்ல.”

நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் என்னை அங்கேயே நாறடித்துவிட்டிருக்கலாம். அவளோ, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கக் காத்திருந்தாள்.

“மேல போறப்ப கொஞ்சம் சுருதி வெலகிடுச்சுங்க” என்றேன். யோசிக்காமல் வந்தது. எனக்கு வருகிற கோளாறையே எடுத்து அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். “அப்பிடியா?”

“ஆமாம்ப்பா” என்றாள் அவள். “அந்த எடத்துல வெலகிடுச்சு. பாடுறப்பவே எனக்குத் தெரிஞ்சுது.”

“என்கிட்ட சொல்லலியே நீ.”

“உனக்கு என்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். மனதில் இருந்த பாரம் இறங்கினது முகத்திலேயே தெரிந்தது. “அப்ப சரிதான். அவங்க சரியாத்தான் பண்ணியிருக்காங்க. நீ இனிமே படிப்பப் பாரு” என்று அவள் தலையில் கை வைத்தார். பிறகு என்னிடம், “உள்ளத சொன்னியே, அதுக்கே பெரிய மனசு வேணும் பாப்பா” என்றார்.

எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. அது வருவதற்கு வருஷக்கணக்கானது. அன்று வந்தது சந்தோஷம்தான், தப்பித்தோம் என்ற சந்தோஷம். நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.