கடைசியாக நின்றவன்

வெளியே போகும்போதெல்லாம் காஸ் அடுப்பின் ஐந்து திருகுகளையும் தொட்டு எண்ணிய பிறகுதான் கதவைப் பூட்டவிடுவேன். கீழே இறங்கியதும், நாலைத்தான் தொட்டேனோ என்று சந்தேகம் வந்துவிடும். மகளுக்கு எரிச்சல். மருமகனின் தம்பிதான், "நில்லுங்கோ மாமா, நான் பாத்திட்டு வாறன்" என்று மேலே ஓடுவான். பால்கனியில் நின்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவான். இத்தாலியில், பலெர்மோ நகரத்து ஒரேத்தோவில் எங்கள் தெரு முழுவதற்கும் அந்தக் கையைத் தெரியும்.

அவனுக்கு இருபத்துமூன்று வயது. கால்சாவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான், எங்களோடு இருந்தான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாரியில் யாழ்ப்பாணத்துச் சனம் மூட்டைகளோடு ஊரைவிட்டு வெளியேறியது. அவனுடைய தாய் தகப்பன் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"நான் போறன். இயக்கத்துக்கு."

மருமகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இஞ்சை இருக்கிறதுக்கு ஒரு பெர்மெஸ்ஸோ எடுக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலிலை எத்தினை நாள் விறைச்சுக்கொண்டு நிண்டனாங்கள்? அதைக் கிழிச்சு எறியப்போறியோ?"

"வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது அண்ணை? சாகுமட்டும் கோப்பையோ கழுவுறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போர்கோ வெக்கியோவில் தேவாலயத்து மண்டபத்தில் எங்கள் ஆட்களின் கூட்டம் இருந்தது. இந்திய விடுதலைக்காக ஆயுதம் எடுத்தவர்களைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். பலெர்மோவில் அந்தப் போருக்குத் துவக்குத் தூக்கிய தமிழன் நான் ஒருவன்தான். அப்பா மலாயாவில் ரயில்வே கிளார்க். இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரனை விரட்ட மலாயாவில் திரட்டிய படையில் பத்தொன்பது வயதில் சேர்ந்து, பர்மாக் காடு தாண்டிப் போனவன் நான். பிறகு ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தேன்.

சனிக்கிழமை மகள் இத்தாலிய அம்மா ஒருத்தியின் வீட்டு வேலை முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு வீரம் கதைக்காதேங்கோ. அவன் முன்னுக்கு இருந்து கேப்பான். பசியைச் சொல்லுங்கோ. வயித்தாலை போய்ச் செத்ததுகளைச் சொல்லுங்கோ."

"எல்லாத்தையும் சொல்லுவன் பிள்ளை."

"எல்லாம் வேண்டாம். அதை மட்டும் சொல்லுங்கோ."

மண்டபத்தில் ஐம்பது கதிரை, அறுபத்துநாலு பேர். வங்கத்தில் இரகசியமாகக் குண்டு செய்த மாணவர்களைப் பற்றிச் சொன்னேன்; கை தட்டினார்கள். பஞ்சாபில் தூக்குமேடைக்குப் பாடிக்கொண்டு போன இளைஞர்களைப் பற்றிச் சொன்னேன்; இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் அவனும் தட்டினான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, பத்து இளைஞர்களை முன்னால் வந்து வரிசையாக நிற்கச் சொன்னேன்.

"மாஸ்டர் பள்ளிக்கூடம் தொடங்கிட்டார். வீட்டுக்கணக்குச் செய்யாதவை ஓடுங்கோ!" என்றார் கூட்டத் தலைவர்.

எங்கள் படையில் கட்டளையெல்லாம் இந்துஸ்தானியில். எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் ஒழுங்காக வரும். ஏக், தோ, தீன் என்று பத்துப் பேரையும் சொல்லவைத்தேன்.

"மாஸ்டர், ஹிந்திப் படமெண்டால் பாட்டு எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு மாலையும் நாங்கள் இப்படித்தான் எண் சொல்வோம் என்றேன். ஆள் குறைந்தால் பழைய எண் செல்லாது; இருப்பவர்கள் புதிதாக ஒன்றிலிருந்து சொல்லவேண்டும். முன்னேறிப் போனபோது என் எண் இருபத்தாறு. மழையில் பின்வாங்கி நடந்தபோது இருபது, பிறகு பதின்மூன்று. ஆற்றைக் கடந்த அன்று ஏழு.

பிறகு வரிசையில் ஒருவனின் தோளைத் தொட்டேன். "உனக்கு மலேரியா. கீழை இரு." இன்னொருவனைத் தொட்டேன். "உனக்கு வயித்தோட்டம். இரு." மீதிப் பேரைத் திரும்ப எண் சொல்லவைத்தேன். "உன்னை ஆறு கொண்டுபோட்டுது." நாலாவது ஆள் தரையில் உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு தாய் எழுந்து வந்து, தன் மகனை நான் தொடுமுன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மருமகனின் தம்பி முதலில் ஆறாவதாக நின்றான். ஐந்தானான், மூன்றானான். கடைசியில் தனியே நின்று, "ஏக்" என்றான்.

பத்துப் பேரையும் இருத்துவதென்றுதான் நினைத்திருந்தேன். கையைத் தூக்கினேன். அந்தத் தோளில் வைக்க மனம் வரவில்லை. கை அப்படியே கீழே வந்துவிட்டது.

அவன் கேட்டான்: "மாமா, நீங்கள் போனதுக்கு இப்ப கவலைப்படுறியளோ?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்குப் போதும். ஆனால் அது பொய்.

"என்னைக் கேக்காதை," என்றேன். "எழும்பேலாமல் போன ஒன்பது பேரையும் கேள்."

மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. திரும்பிவரும்போது பஸ்ஸில் மகள் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். கணக்குச் சரிவந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவன் பையோடு வந்து நின்றான். மருமகன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மகள் கதவில் சாய்ந்து அழுதாள். அவன் குசினிக்குப் போய் ஐந்து திருகுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"எல்லாம் பூட்டிக்கிடக்கு மாமா."

"அண்டைக்கு அவ்வளவு சொன்னனே, உனக்கு விளங்கேல்லையோ?" என்றேன்.

"விளங்கினது," என்று என் தோளைத் தொட்டான். "கடைசியா நிண்டது நான்தானே? பிறகேன் பயப்பிடுறியள்?"

படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அந்தக் காட்டில் ஒவ்வொரு மாலையும், முந்திய நாளைவிடக் குறைந்த என் எண்ணைச் சொன்னபோது, நானும் அவன் சொன்னதையேதான் நினைத்தேன்.