வளர்த்த ரத்தம், கொடுத்த ரத்தம்

இங்கே ஒரு புட்டியைத் திறப்பதற்குக்கூட முறை இருக்கிறது. ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், ஆய்வகத்தில் ஒரு கரைப்பான் புட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திருகினேன். பக்கத்து மேசை ஹெல்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள். புகையை மேலே உறிஞ்சிக்கொள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அலட்சியம் செய்வதாக நினைத்து அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. நான் சிரித்தது எங்கள் ஊரை நினைத்து. என் அக்கா எஸ்தர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் துண்டுகளுக்குப் பசை தடவும் பேஸ்டிங் செக்‌ஷனில் இருந்தாள். பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பேர். வாயகன்ற டப்பாவில் அது நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். தூசி படியும் என்று ஜன்னலைத்தான் சாத்திவைப்பார்கள். வீட்டுக்கு வந்தால் சோற்றில் ருசியே தெரியவில்லை என்பாள். எட்டாவதோடு அவள் கம்பெனிக்குப் போனதால்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் கல்லூரி வாசலை மிதித்தேன்.

இங்கே என் வேலை ரத்தம் வளர்ப்பது. ஸ்டெம் செல் என்கிற ரத்தத்தின் தாய்ச்செல்கள் எலும்பு மஜ்ஜையில் குடியிருப்பவை. வெளியே எடுத்துத் தட்டில் போட்டால் சில நாளில் தம் குணத்தை மறந்துவிடும். அதனால் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகச் செயற்கை மஜ்ஜை ஒன்றைச் செய்து, கட்டடச் சாரம் போன்ற அந்தக் கூட்டில் அவற்றைக் குடிவைக்கிறோம். சாரத்துக்கான புரதம் மாட்டுத்தோலிலிருந்து வருகிறது. அது தெரிந்த அன்று, எங்கே போனாலும் தோல் நம்மை விடாது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் செல்களுக்கு வடிகட்டிய காற்று, இதமான சூடு, வேளாவேளைக்குத் தீனி. என் அக்காவைவிட அவை நன்றாக வாழ்ந்தன. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அக்காவுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. காலெல்லாம் நீலத் திட்டு. சூப்பர்வைசர் பீட்ரூட் சாப்பிடச் சொல்லி மறுபடி அதே இடத்துக்கு அனுப்பினார். மயங்கி விழுந்த பிறகுதான் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மஜ்ஜை காய்ந்துபோயிருந்தது. என்ன வேலை செய்கிறாள் என்று கேட்ட டாக்டர், பசையும் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கூடப்பிறந்தவன் மஜ்ஜை பொருந்தினால் பிழைப்பாள், உடனே வரவழையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மாமா என்னைக் கூப்பிடவே இல்லை. வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீ அங்க அதத்தான மச்சான் வளக்கற. வளந்ததும் எடுத்துனு வருவன்னு இருந்தோம். நடுவுல கூப்ட்டு உன்ன பேஜார் பண்ண வாணாம்னு அம்மாதான் சொல்லிச்சி."

தெருவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. தம்பியே ஃபாரினில் செய்யும்போது என்ன கவலை என்று சூப்பர்வைசரும் சொல்லியிருக்கிறார். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்காத ஒன்றுக்காக என் அக்கா படுக்கையில் காத்துக்கிடந்தாள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிநாட்டுக்குப் போனவன் வளர்ப்பதெல்லாம் வீட்டுக்கு வந்துசேரும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள்.

பேராசிரியரிடம் ஓடினேன். மஜ்ஜை கொடுக்க வேண்டும், லீவு வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதற்கு ஊருக்கு ஏன் போக வேண்டும், இங்கேயே எடுத்துக்கொள்ளலாம், நம் சோதனைக்கும் கொடையாளர்கள் குறைவு என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவுக்கு என்று இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் கையை விட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த அறையில் மஜ்ஜை என்றால் யாருக்கும் ஒரு மனுஷி ஞாபகத்துக்கு வருவதில்லை.

என் மஜ்ஜை பொருந்தியது. வேலூரில் என்னைக் கவிழ்த்துப் படுக்கவைத்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். பையில் பார்த்தால் வெறும் ரத்தம் மாதிரிதான் இருந்தது. அக்காவின் நரம்பு வழியாக ஏறி, தானே எலும்பைத் தேடிப்போய்க் குடியேறியது. நாங்கள் ஆண்டுக்கணக்காகக் கட்டுகிற வீடு அதற்குத் தேவையே படவில்லை. ஓ பாசிட்டிவாக இருந்தவள் மெல்ல உங்களைப் போல பி பாசிட்டிவ் ஆகிவிடுவாள், இனி அவள் உடம்பில் ஊறுவது உங்கள் ரத்தம் என்றார் டாக்டர்.

அடுத்த வருஷக் கடைசியில் அவள் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். பேக்கிங்கில் போடுவதாகச் சொன்னவர்கள், கை பழகியவள் என்று பேஸ்டிங்கிலேயே உட்காரவைத்தார்கள். போனில் திட்டினேன், கெஞ்சினேன்.

"வேற எங்கடா போவ சொல்ற? உன் ரத்தந்தான ஓடுது. படிச்ச ரத்தம்டா, தாங்கும்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நான் ஊரைவிட்டு வந்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் வந்திருக்கிறேன். மீதி, தினமும் காலையில் சங்கு ஊதியதும் ஆம்பூரில் கம்பெனி கேட்டுக்குள் போகிறது. அது வெளியே வரும் நேரம் இங்கே மத்தியானம். அதுவரை எனக்கு ஒரு வாய் இறங்குவதில்லை.